செவிலியர் ஏற்றுமதிச் சரக்கா?



அகப்பாடல்களில் வரும் செவிலித்தாய், உடன்போக்கில் சென்ற மகளைத் தேடிப் பாலைவழி நடந்தாள். இன்றோ செவிலியே பாலைநாடு போகின்றாள். அவளைத் தேடுவார் யார்?

திருத்தணியைத் தமிழகத்தோடு சேர்க்கப் போராடிச் சிறை புகுந்தோர் பலர். 1960 ஏப்பிரல் 1இல் இம்மண் நமதாயிற்று. மண்ணை மீட்டோம், அதில் பிறந்த மகளிர் இங்கேயே மதிப்போடு உழைத்து வாழ வழி செய்தோமா?

பொருளாசையால் போகின்றனர் என்பார் உளர். பொய்! 2014இல் ஈராக்கின் திக்ரித்து மருத்துவமனையில் 46 இந்தியச் செவிலியர் போர்நடுவே சிக்கினர். பெரும்பாலோர் கேரள மகளிர்; தூத்துக்குடிப் பெண்ணொருத்தியும் அவருள் இருந்தாள். குண்டுகள் வெடித்த நிலையிலும் சிலர் வீடு திரும்பத் தயங்கினர். சம்பளமோ நிலுவை, முகவர்க்குக் கொடுக்க வாங்கிய கடனோ ஊரில் வட்டி ஈன்றுகொண்டிருந்தது. சாவினும் கடனுக்கு அஞ்சிய இக்கொடுமைக்கு ஆசையென்றா பெயர்? சூலை 5இல் அவர்கள் கொச்சி வந்து சேர்ந்தனர். உயிர் மீண்டது, அவர்களைத் துரத்திய வறுமை தீர்ந்ததா?

துரத்தியது உள்ளூர்க் கூலியே! உச்சமன்ற ஆணைவழி 2016இல் நடுவணரசு அமைத்த வல்லுநர் குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையும் செவிலியர்க்குத் திங்கள்தோறும் 20,000 உருவாவுக்குக் குறையாது தரவேண்டும் என்றது. 200 படுக்கைக்கு மேற்பட்டவை அரசுச் செவிலியர்க்கு நிகராகத் தரவேண்டும் என்றது. கேரளச் செவிலியர் அமைப்பாய்த் திரண்டு போராடினர். 2018இல் அவ்வரசு 20,000 உருவாவை அடிப்படைக் கூலியாக அறிவித்தது. கேட்டவர் பெற்றனர். நாம் கேட்டோமா?

செருமனியைப் பாருங்கள்! அயலாரைத் தன் மொழி கற்ற பின்னரே முழுச் செவிலியராய் அது ஏற்கின்றது. நோயாளியின் முனகலும் அவன் மொழியிலேயே உணரப்படவேண்டும் என்பது அதன் கருத்து. தன் நோயாளிமீது அந்நாட்டுக்குள்ள பரிவு, நம் செவிலியர்மீது நமக்கு வேண்டாவா?

போகவேண்டா என்று தடுப்பது நம் நோக்கமன்று. விரும்பிப் போவது உரிமை. விரட்டப்பட்டுப் போவது அடிமைத்தனம். தமிழ்நாட்டரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்க, தரகர் வாயிலில் நம் பெண்கள் ஏன் நிற்கவேண்டும்? அந்நிறுவனத்தின் பெயரை ஊர்தோறும் பரப்புக! கடவுச்சீட்டைப் பறித்து வைக்கும் முதலாளியைத் தூதரகம் தட்டிக் கேட்கச் செய்க! உள்ளூர்க் கூலியை உயர்த்தச் செவிலியரோடு தோள்சேர்ந்து நில்லுங்கள்!

நோயுற்ற நாளில் மட்டும் அவளைத் தாயென்று அழைத்தல் நன்றியன்று. அவள் உழைப்புக்கு உரிய விலையும் ஓய்வும் பெற்றுத் தருவதே நன்றி.