சங்கிலிப் பேரேடுகளுக்கிடையே செய்திப் போக்குவரத்து

இந்தியாவில் ரயில் பாதைகள் பல அகலங்களில் இடப்பட்டிருந்த காலத்தில், மீட்டர் பாதையும் அகலப் பாதையும் சந்திக்கும் நிலையங்களில் சரக்குகளை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. இதனால் காலமும் கூலியும் விரயமாயின, சரக்கும் சேதமுற்றது. ஒவ்வொரு பாதையும் தன்னளவில் செவ்வையாகவே இயங்கிற்று. இரண்டிற்கும் பொதுவான முறை இல்லாமையே நஷ்டத்திற்குக் காரணமாயிற்று. பெரும்பாலான பாதைகளை ஒரே அகலத்திற்குக் கொண்டுவரும் திட்டம் 1992-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது.

பிளாக்செயின் எனப்படும் சங்கிலிப் பேரேடுகளின் இன்றைய நிலையும் ஏறக்குறைய இத்தகையதே. பேரேடுகள் பல்கிப் பெருகியுள்ளன; அவற்றுக்கிடையே நம்பத்தக்க போக்குவரத்து அரிதாகவே உள்ளது. இக்குறையைத் தீர்க்கும் இணைப்புக் கூறுகள் அரசாங்கப் பேரேடுகளிலும் சேர்க்கப்பட வேண்டும் என்பதும், ஆனால் இணைப்பினால் விளையும் பொறுப்பை முதற்கண் உணர்ந்த பின்னரே அது செய்யப்பட வேண்டும் என்பதும் ஈண்டு வலியுறுத்தப்படும் கருத்துக்களாகும்.

சங்கிலிப் பேரேடு என்பது யாது? பல கணிப்பொறிகள் ஒரே பதிவேட்டின் பிரதிகளை வைத்துக்கொண்டு, புதிய பதிவுகளைத் தொகுதி தொகுதியாகச் சேர்த்து, ஒவ்வொரு தொகுதியிலும் அதற்கு முந்தைய தொகுதியின் கணித முத்திரையைப் பொறித்துவரும் ஏற்பாடே அது. பழைய பதிவொன்றை எவரேனும் மாற்றினால் பின்வரும் முத்திரைகள் யாவும் பொருந்தாமற் போகும். மோசடி உடனே வெளிப்படும். பிட்காயின் பற்றிய கட்டுரை 2008-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 2009 ஜனவரியில் அப்பேரேடு இயங்கத் தொடங்கிற்று. நிரல்களையே பேரேட்டில் இயக்கவல்ல எத்தீரியம் 2015-ஆம் ஆண்டில் தோன்றியது.

இவ்வமைப்பிற்கு இயல்பாகவே ஓர் எல்லை உண்டு. பேரேட்டை நடத்தும் கணிப்பொறிகள் அனைத்தும் ஒரே தரவிலிருந்து ஒரே விடையை அடைய வேண்டும். வெளியுலகிலுள்ள ஒன்றை அவை தனித்தனியே விசாரித்தால் ஒன்றுக்கு ஒரு விடையும் மற்றொன்றுக்கு வேறொரு விடையும் கிட்டக்கூடும்; அப்பொழுது உடன்பாடு குலையும். ஆகவே ஒரு பேரேடு தன் எல்லைக்கு அப்பால் நிகழ்வதைத் தானாக அறிய இயலாது. வேறொரு பேரேட்டில் பணம் செலுத்தப்பட்டதா, சான்றிதழ் வழங்கப்பட்டதா என்பதை யாரேனும் வந்து சொல்ல வேண்டும். அவ்வாறு சொல்பவரை எக்காரணத்தால் நம்புவது என்பதே இத்துறையின் மையப் பிரச்சினை.

முதலில் கைக்கொள்ளப்பட்ட வழி, சில காப்பாளர்களை நியமித்து அவர்கள் கையொப்பத்தை நம்புவதாகும். இவ்வகை ஏற்பாட்டிற்குப் ‘பாலம்’ என்று பெயர். பாலத்தின் உறுதி காப்பாளர்களின் சாவிகளையும் கையொப்பத்தைச் சோதிக்கும் நிரலையும் மட்டுமே பொறுத்தது. 2022 மார்ச்சில் ரோனின் என்னும் பாலத்தில் ஒன்பது காப்பாளர் சாவிகளுள் ஐந்து களவாடப்பட்டன. ஐந்து கையொப்பங்களே போதுமானவையாதலின், 1,73,600 ஈத்தரும் அமெரிக்க டாலர் மதிப்புடைய 2 கோடியே 55 லட்சம் நாணயங்களும் பறிபோயின. அதே ஆண்டு பிப்ரவரியில் வார்ம்ஹோல் என்னும் பாலத்தில் கையொப்பத்தைச் சோதிக்கும் நிரலில் இருந்த குறையைப் பயன்படுத்தி, ஈடு ஏதும் வைக்காமலே 1,20,000 ஈத்தருக்குரிய நாணயங்கள் உண்டாக்கப்பட்டன. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் பேரேடுகள் உடைபடவில்லை. அவற்றை இணைத்த பாலங்களே உடைந்தன.

இரண்டாவது வழி, செய்தி கொண்டுவருபவரை நம்பாமல், அவர் கொண்டுவரும் சான்றைச் சோதித்தறிவது. காஸ்மாஸ் என்னும் அமைப்பில் கையாளப்படும் ஐ.பி.சி. முறை இதற்குச் சிறந்த உதாரணம். ஜே குவான், ஈத்தன் புக்மன் ஆகியோர் 2016-ஆம் ஆண்டில் காஸ்மாஸ் திட்டத்தை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். அதன் மையப் பேரேடு 2019 மார்ச்சில் இயங்கத் தொடங்கிற்று. பேரேடுகளுக்கிடையே செய்தி அனுப்பும் ஐ.பி.சி. முறை 2021-ஆம் ஆண்டில் அதில் சேர்க்கப்பெற்றது.

அதன் செயல்முறை பின்வருமாறு. ஒவ்வொரு பேரேடும் தன்னோடு தொடர்புகொள்ளும் மற்றப் பேரேட்டின் சுருக்கமான அடையாளத்தைத் தன்னிடத்தே வைத்துக்கொள்கிறது. இதற்கு லைட் கிளையண்ட் என்று பெயர். மற்றப் பேரேடு முழுவதையும் அது பிரதி எடுப்பதில்லை. ஒவ்வொரு தொகுதியின் தலைப்பையும், அதில் வாக்கு வலிமையில் மூன்றில் இரு பங்கிற்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டுள்ளனரா என்பதையும் மட்டுமே சோதிக்கிறது. முதற் பேரேடு அனுப்ப விரும்பும் செய்தியைத் தன் ஏட்டிலேயே எழுதிவைக்கிறது. ரிலேயர் எனப்படும் தூதர் அதனைப் படித்து, அச்செய்தி அந்த ஏட்டில் உள்ளது என்பதற்கான கணிதச் சான்றுடன் இரண்டாம் பேரேட்டிடம் சமர்ப்பிக்கிறார். சான்று பொருந்தினால் செய்தி ஏற்கப்படும், இல்லையேல் தள்ளப்படும்.

தூதர் யாராகவும் இருக்கலாம் என்பது இதில் கவனிக்கத்தக்கது. அவர் செய்தியைத் தாமதப்படுத்தலாம், மாற்ற இயலாது. கடிதத்தைச் சுமந்து செல்லும் சேவகனுக்கு அதன் உறையைப் பிரித்து எழுதும் வல்லமை இல்லாதவாறு ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. செய்தி சேர்ந்தபின் ஒப்புகை திரும்பி வருகிறது. குறித்த காலத்திற்குள் சேரவில்லையென்றால், சேரவில்லை என்பதற்கே ஒரு சான்று பெறப்பட்டு, முதற் பேரேடு தன் நடவடிக்கையை ரத்துச் செய்துகொள்கிறது. நாணயம் அனுப்பும்போது மூல நாணயம் முதற் பேரேட்டில் பூட்டிவைக்கப்படுகிறது. இரண்டாம் பேரேட்டில் அதற்கீடான உரிமைச் சீட்டு உண்டாகிறது. சீட்டு திரும்பி வந்து அழிக்கப்பட்டால் மூல நாணயம் விடுவிக்கப்படுகிறது. ஆகவே ஒரே நாணயம் இரண்டிடத்தில் செலவாவதற்கு இடமில்லை.

இம்முறையை இயங்கிக்கொண்டிருக்கும் பேரேட்டில் சேர்ப்பது எவ்வாறு? காஸ்மாஸ் அமைப்பில் பேரேட்டின் நிரல் தனித்தனிக் கூறுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. கணக்குகளைச் சரிபார்க்க ஒரு கூறும், இருப்புக்களைப் பராமரிக்க ஒரு கூறும், வாக்கெடுப்பிற்கு ஒரு கூறும் உள. செய்திப் போக்குவரத்தும் அத்தகைய ஒரு கூறே. அதற்கெனத் தனிச் சேமிப்பிடம் ஒதுக்கப்படுகிறது. எந்தக் கூறுக்கு எந்தச் செய்தி செல்ல வேண்டும் என்பதை வாயில் எண்களைப்போன்ற பெயர்கள் தீர்மானிக்கின்றன. பேரேட்டை நடத்துவோர் அனைவரும் முன்னரே உடன்பட்ட ஒரு தொகுதி எண்ணில் ஒருசேரப் புதிய நிரலுக்கு மாற வேண்டும். சிலர் மாறிச் சிலர் மாறாதிருந்தால் கணக்கு ஒவ்வாது. கருத்து வேற்றுமை முற்றினால் பேரேடே நின்றுபோகும். எனவே கூறைப் பொருத்துவதைக் காட்டிலும் நடத்துவோரை ஒருங்கிணைப்பதே கடினமான பணி எனலாம்.

கூறு முறையின் பயன் வெளிப்படையானது. ஒருமுறை நன்கு ஆராய்ந்து எழுதப்பட்ட நிரலைப் பல பேரேடுகள் எடுத்தாளலாம். ஒவ்வொருவரும் தமக்கெனப் பாலம் கட்டவேண்டுவதில்லை. இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. பொதுக் கூறில் குறை இருப்பின் அக்குறையும் பொதுவாகிறது. 2022 அக்டோபரில் பி.என்.பி. பேரேட்டின் பாலத்தில் சான்றைச் சோதிக்கும் நிரற்பகுதி ஏமாற்றப்பட்டு 20 லட்சம் பி.என்.பி. நாணயங்கள் உண்டாக்கப்பட்டன. அதே மாதத்தில் காஸ்மாஸ் பேரேடுகள் பொதுவாகக் கையாண்ட சான்றுச் சோதனை நிரலிலும் பெருங்குறை ஒன்று கண்டறியப்பட்டு அவசரமாகத் திருத்தப்பட்டது. கணிதத்தை நம்பலாம், கணிதத்தை நிரலாக எழுதிய கையை மீண்டும் மீண்டும் சோதிக்க வேண்டும்.

பராமரிப்பும் தொடர்ந்து தேவைப்படுகிறது. லைட் கிளையண்டிற்கு நம்பிக்கைக் காலம் என ஒரு வரம்பு உண்டு. அக்காலத்திற்குள் புதிய தலைப்புக்கள் வந்து சேராவிடில் அது காலாவதியாகிறது. பேரேட்டை நடத்துவோர் கூடி வாக்களித்து உயிர்ப்பிக்கும் வரையில் இணைப்பு முடங்கிக் கிடக்கும். இணைப்பை ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிடலாம் என்று எண்ணும் நிர்வாகம் ஏமாற்றமடைவது திண்ணம்.

இனி இந்தியாவின் நிலையைக் காண்போம். மின்னணுவியல் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2021 டிசம்பரில் பிளாக்செயின் பற்றிய தேசியக் கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. 2024 செப்டம்பர் 4-ஆம் நாள் தேசிய பிளாக்செயின் கட்டமைப்பு தொடங்கிவைக்கப்பட்டது. அதன்கீழ் அமைந்த விஸ்வஸ்யா என்னும் தொழில்நுட்பத் தொகுப்பு, புவனேசுவரம், புனே, ஐதராபாத் ஆகிய மூன்று நகரங்களிலுள்ள தேசியத் தகவலியல் மையத்தின் தரவு நிலையங்களில் பரவலாக நிறுவப்பட்டுள்ளது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் தேர்வு ஆவணங்களையும் சங்கிலிப் பேரேட்டில் பதியும் ஏற்பாடு முன்னரே செய்யப்பட்டது.

எல்லாவற்றையும் ஒரே தேசியப் பேரேட்டில் எழுதிவிட்டால் இணைப்பே தேவையில்லையே என்று சிலர் வாதிக்கலாம். இவ்வாதம் எளிமையானது, ஆனால் அரசியலமைப்போடு பொருந்தாதது. நிலம் மாநிலப் பட்டியலைச் சார்ந்தது. கல்வியோ 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்திற்குப் பின் பொதுப் பட்டியலில் உள்ளது. பொறுப்பு பலரிடம் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கையில் பதிவேடு மட்டும் ஒருவர் கையில் குவிதல் முறையன்று. ஒவ்வோர் அதிகாரியும் தன் ஏட்டைத் தானே காத்து, பிறர் கேட்கும்போது சான்றுடன் விடையளிப்பதே கூட்டாட்சிக்கு ஏற்ற நெறி.

வங்கிகளைப்போல நடுவில் ஒரு நிறுவனத்தை வைத்துக்கொள்ளலாமே என்பது மற்றொரு வாதம். 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய யு.பி.ஐ. அவ்வாறே நடைபெற்றுப் பெரும்பயன் அளித்துவருவது உண்மை. ஆனால் அங்கே பணம் என்னும் ஒரே பொருளும், ரிசர்வ் வங்கி என்னும் ஒரே கண்காணிப்பாளரும் உள்ளனர். சான்றிதழ், நிலப்பதிவு, மருந்து விநியோகம் எனப் பொருள் பலவாகவும் பொறுப்பாளர் பலராகவும் உள்ள இடத்தில், சான்றை நேராகச் சோதிக்கும் முறையே நீடித்து நிற்கும். ஆகையால் அரசாங்கப் பேரேடுகளுக்கான இணைப்புக் கூறு வெளிப்படையான பொது முறைப்பாட்டில் அமைதல் வேண்டும். ஒவ்வொரு துறையும் ஒவ்வோர் ஒப்பந்தக்காரரிடம் தனித்தனிப் பாலம் கட்டுவித்துக்கொள்வது, பழைய ரயில் பாதைகளின் கதையை மீண்டும் நடத்துவதாகும்.

அக்கூறில் சில காப்புக்கள் கட்டாயமாக இருத்தல் வேண்டும். எந்தெந்தச் செய்தி வகைகள் அனுமதிக்கப்படும் என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட வேண்டும். பட்டியலில் இல்லாதது தள்ளப்பட வேண்டும். குறித்த நேரத்தில் இத்தனை செய்திகளே செல்லலாம் என்ற உச்சவரம்பும், ஐயம் எழும்போது இணைப்பை நிறுத்திவைக்கும் அதிகாரமும், அவ்வதிகாரத்தைப் பயன்படுத்தினால் காரணம் எழுதிவைக்கும் கடமையும் தேவை. ஆட்களின் பெயரும் விவரமும் பேரேடு விட்டுப் பேரேடு செல்லலாகாது. அவற்றின் கணித முத்திரை மட்டுமே செல்ல வேண்டும். தம்மைப் பற்றிய தரவைத் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமை 2023-ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. அழிக்கவே இயலாத ஏட்டில் விவரங்களை எழுதிவிட்டுப் பின்னர் அவ்வுரிமையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

இவை அனைத்தினும் முக்கியமானது ஒன்றுண்டு. கணிதச் சான்று, ஒரு பதிவு மற்றோர் ஏட்டில் உள்ளது என்பதை மட்டுமே மெய்ப்பிக்கும். அப்பதிவு உண்மையா என்பதை மெய்ப்பிக்காது. இரண்டு ஏக்கர் நிலத்தை இருபது ஏக்கர் என்று களப் பணியாளர் ஒருவர் பதிந்துவிட்டால், அப்பிழை பிசகற்ற சான்றுடன் அடுத்த பேரேட்டைச் சென்றடையும். பள்ளியில் ஒரு மாணவியின் பிறந்த தேதி தவறாக எழுதப்பட்டால், அத்தவறே பல்கலைக்கழகத்தின் ஏட்டிலும் வேலை தரும் அலுவலகத்தின் ஏட்டிலும் முத்திரை பெற்று நிற்கும். தாளில் எழுதிய காலத்தில் பிழை ஓர் அலுவலகத்தின் அலமாரியில் அடங்கிக் கிடந்தது. இணைக்கப்பட்ட பேரேடுகளில் அது நொடிப்பொழுதில் பயணம் செய்யும். அப்பெண் ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்க நேர்ந்தால், இணைப்பின் பயன் அலுவலகங்களுக்கும் அதன் துன்பம் குடிமக்களுக்கும் என்றாகிவிடும்.

எனவே பதிவு செல்லும் பாதையிலேயே திருத்தமும் செல்லுமாறு கூறு அமைக்கப்பட வேண்டும். மூல ஏட்டில் திருத்தம் எழுதப்பட்ட அக்கணமே, அப்பதிவைப் பெற்ற எல்லாப் பேரேடுகளுக்கும் திருத்தச் செய்தி சான்றுடன் சென்று, ஒப்புகை திரும்பி வருதல் வேண்டும். ஒப்புகை வராத இடம் எது என்பது பொறுப்பான அதிகாரிக்குத் தெரிதல் வேண்டும். இவ்வசதி இல்லாத இணைப்புக் கூறு எவ்வளவு விரைவுடையதாயினும் அரசாங்க உபயோகத்திற்கு ஏற்கப்படலாகாது.

இப்பேரேடுகளை இணைக்கும் நிரலை எழுதுவோர் சிலரே. அவற்றுள் முதற்பதிவைச் செய்வோரோ நாடெங்கும் உள்ள களப் பணியாளர்களும் ஆசிரியர்களுமாவர். கையெழுத்திடுவதற்கு முன் பதிவை ஒருமுறை உரியவரிடம் படித்துக் காட்டும் பழைய வழக்கம், புதிய கருவியினால் தேவையற்றதாகிவிடவில்லை, முன்னிலும் அவசியமாகியிருக்கிறது. ஏடுகளை இணைக்கும் திட்டங்கள் வகுக்கப்படும்போது இவர்கள் கருத்தும் கேட்கப்படுவது நலம். பிழை எங்கே பிறக்கிறது என்பதை அவர்களே நன்கறிவர்.