லைட்டரைக் காட்டினால் 'பீப்' அடிக்கும். பிறகு?

பாடசாலைக் கண்காட்சி, கம்பஸ் புரொஜெக்ட், எங்க போனாலும் காஸ் லீக் அலாரம் ஒன்று நிற்கும். ஒரு ஆர்டுயினோ, ஒரு எம்கியூ-6 சென்சர், ஒரு பஸ்ஸர். லைட்டரைப் பற்றவைக்காமல் அமத்திப் பிடித்தால் 'பீப்' அடிக்கும். நடுவர்கள் தலையாட்டுவினம், சான்றிதழும் வரும். அடுத்த கிழமை அந்தச் சென்சரைக் கழற்றி வேறொன்றுக்குப் பூட்டிவிடுவோம். நாங்களும் அப்படிச் செய்தவர்கள்தான்.

2021 கடைசியில் நாடு முழுக்க காஸ் அடுப்புகள் வெடித்தபோது எங்கட வீடுகளில் என்ன செய்தோம்? குனிந்து, சிலிண்டர் பக்கம் மூக்கை வைத்து மணந்து பார்த்தோம். கண்காட்சியில் அத்தனை அலாரம், குசினியில் ஒன்றுகூட இல்லை. இந்த இடைவெளியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

சென்சர் வேலை செய்யிற விதம் எளிது. சூடாக்கிய டின் ஒக்சைட்டின் மேற்பரப்பில் ஒட்சிசன் ஒட்டியிருக்கும்போது மின்தடை கூட. காஸ் வந்து அந்த ஒட்சிசனோடு தாக்கம் புரிந்தால் தடை குறையும். ஜப்பானில் நவோயோஷி தகுச்சி இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1962இல். அதை உற்பத்தி செய்யும் ஃபிகாரோ நிறுவனம் தொடங்கியது 1969இல். இடையில் ஏழு வருடம். எங்களுக்கு ஏழு கிழமை பொறுமை இருக்குமா?

ஏனென்றால் குசினி கண்காட்சி மேசை இல்லை. புட்டு அவிக்கிற நீராவியிலும், கைக்குப் பூசுகிற சனிடைசரிலும் இந்த வகைச் சென்சரின் அளவீடு தடுமாறும். சும்மா மூன்று தரம் கத்தினால் அம்மா பிளக்கைக் கழற்றிவிடுவா. அதோடு அந்தக் கண்டுபிடிப்பு செத்துப்போச்சு. சிலிண்டர் காஸ் காற்றை விடப் பாரமானது, நிலத்தோடு தேங்கும். அலாரத்தைக் கூரைக்குக் கிட்டப் பூட்டினால் அது பிந்தித்தான் கத்தும். ஹீட்டருக்கு மட்டும் ஒரு வாட்டுக்குக் கிட்டத் தேவை. 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்டில், சின்ன பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும்?

இந்தக் கேள்விகளைக் கேட்கிறதே ஒரு தொழில். புரொடக்ட் மனேஜர் என்பது அந்த ஆளுக்குப் பெயர். எந்த அளவில் அலாரம் அடிக்க வேண்டும், எவ்வளவு விலை என்றால் ஒரு குடும்பம் வாங்கும், சில வருடத்தில் சென்சர் களைத்தால் யார் மாற்றுவது, பெட்டிக்குள் இருக்கிற தாளில் தமிழ் இருக்குமா, எல்லாத்தையும் தீர்மானிக்கிறது அவரின் வேலை. இரசாயனவியல் தெரிந்தவரையும், சர்க்கியூட் போடுறவரையும், கடைக்காரரையும் ஒரே மேசையில் இருத்துகிறதும் அவர்தான்.

எங்கட ஊரில் 'இஞ்சினியர்' என்றால் மரியாதை. 'மனேஜர்' என்றால் வங்கி. இடையில் இருக்கிற இந்த வேலைக்கு வீட்டில் சொல்ல ஒரு பெயரே இல்லை. அதனால்தான் நல்ல மூளைகள் பஸ்ஸர் அடித்தவுடன் நின்றுவிடுகின்றன என்று நாங்கள் நினைக்கிறோம்.

புரொஜெக்ட் செய்யிற தம்பி தங்கச்சிமாரிடம் ஒன்று கேட்கிறோம். சான்றிதழ் வாங்கின பிறகும் அதைக் கழற்றாதேங்கோ. உங்கட குசினியில் நிலத்துக்குக் கிட்ட பூட்டி மூன்று மாதம் விடுங்கோ. எத்தனை தரம் பொய்யாகக் கத்தினது, அம்மா எப்ப பிளக்கைக் கழற்றினா என்று கொப்பியில் எழுதுங்கோ. அடுத்த வருடக் கண்காட்சிக்கு அந்தக் கொப்பியையும் கொண்டுவாங்கோ.