கையெழுத்து இருவரையும் கட்டும்

அறுவைச் சிகிச்சை என்றால் முதலில் ஒரு சம்மதப் படிவத்தை நீட்டுவார்கள். கடலூரானாலும் சிதம்பரமானாலும் இதில் மாற்றமில்லை. நம் வயதுக்காரர்கள் "எல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்வார்" என்று படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம். பிறகு ஏதாவது கோளாறு என்றால், "கையெழுத்துப் போட்டாயிற்றே, இனி என்ன கேட்பது?" என்று வாயை மூடிக்கொள்கிறோம். இரண்டுமே தவறு என்பேன்.

2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சமீரா கோலி வழக்கைப் பாருங்கள். டெல்லியில் 44 வயதுப் பெண்மணி ஒருவர் லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்குச் சம்மதித்து மயக்க மருந்து எடுத்துக்கொண்டார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே, தாயாரிடம் கேட்டு, கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். மருத்துவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்று நீதிமன்றமும் ஏற்றது. ஆனால் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயதுவந்த நோயாளிக்காகத் தாயார் சம்மதிக்க முடியாது என்றது. மருத்துவருக்குக் கட்டணம் கிடையாது, 25,000 ரூபாய் இழப்பீடும் தர வேண்டும் என்று தீர்ப்பு. தொகை சிறியது, அதன் நியாயம் பெரியது. எதற்குச் சம்மதித்தோமோ அதற்கு மட்டுமே கையெழுத்து செல்லும்.

அதற்காக, நோய் தீரவில்லை என்றாலே வழக்குப் போடலாம் என்று அர்த்தமில்லை. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் 1936-ஆம் ஆண்டின் மெர்சியே தீர்ப்பையும் சொல்கிறேன். மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே இருப்பது ஓர் ஒப்பந்தம் என்றது பிரான்சின் உச்ச நீதிமன்றம். குணப்படுத்தியே தீருவேன் என்ற ஒப்பந்தமல்ல அது. அன்றைய மருத்துவ அறிவுக்கு ஏற்ப, மனச்சாட்சியோடும் கவனத்தோடும் பார்ப்பேன் என்ற ஒப்பந்தம். ஆகவே, முடிவு கெட்டுப்போனதற்காக ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைப்பது நியாயமாகாது.

குமாஸ்தாவாக உத்தியோகம் பார்த்தவன் சொல்கிறேன், காகிதம் இருந்தால்தான் வழக்கு நிற்கும். இடம் காலியாக விட்ட படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். என்ன செய்யப்போகிறார்கள், வேறு வழி உண்டா என்று தமிழில் கேளுங்கள். கேட்டால், சிகிச்சை ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்கு விதி. பணம் கட்டிப் பெற்ற சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடலூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும்.

டாக்டரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல மருத்துவர் பொறுமையாகப் பதில் சொல்வார். பதில் சொல்ல நேரமில்லை என்பவரிடம், அவசரமில்லாத அறுவையைத் தள்ளிப்போடுங்கள்.