ஒலிபெருக்கியும் ஒரு விவசாயக் கருவியே

புயல் எச்சரிக்கை கிடைத்தால் மட்டும் போதாது. கடைசி வீடு வரை அது போய்ச் சேர வேண்டும். புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவ கிராமமே இதற்குச் சான்று.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் தொண்டு அமைப்பு, 1998 முதல் புதுச்சேரிப் பகுதியில் கிராம அறிவு மையங்களை அமைத்தது. கடலோர மையங்களில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர விவரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்து வந்தனர். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் இருந்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் சுனாமிச் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். உடனே மைய ஒலிபெருக்கியில் அறிவித்து, ஊரையே வெளியேற்றினர். வீடுகளும் படகுகளும் அழிந்தன, உயிர்கள் தப்பின.

இன்று எச்சரிக்கை கைப்பேசியிலேயே வருகிறது. ஆனால் மின்சாரம் நின்றால் கோபுரமும் ஓய்ந்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் டெல்டா கிராமங்கள் பல நாட்கள் இருளில் கிடந்ததை மறக்கலாகாது.

எனவே ஒவ்வோர் ஊரிலும் பேட்டரியில் இயங்கும் ஒலிபெருக்கி வேண்டும். யார் அறிவிப்பது, எங்கே கூடுவது, மாடுகளை எப்போது அவிழ்த்துவிடுவது என்பதை ஐப்பசிக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். முற்றிய நெல்லை அறுத்தல், வாழைக்கு முட்டுக் கொடுத்தல், தென்னையில் முற்றிய காய்களையும் அடிமட்டைகளையும் இறக்குதல் ஆகியவற்றையும் அறிவிக்க வேண்டும்.

கருவியைத் தொண்டு நிறுவனம் தரலாம். பராமரிப்பது ஊரார் பொறுப்பு. நெல் விலை, மழை நிலவரம் என்று தினமும் அதைப் பயன்படுத்துங்கள். அன்றாடம் பேசும் ஒலிபெருக்கிதான் ஆபத்து நாளிலும் பேசும்.