அந்த 100 யார் போட்டது?

எடிசனில் சனிக்கிழமை தோறும் மிடில் ஸ்கூல் பிள்ளைகளுக்கு மைக்ரோபிட் சொல்லிக்கொடுக்கிறேன். நாங்கள் அதைச் சொல்லிக்கொடுக்கும் விதம் சரியில்லை. என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

மைக்ரோபிட் தெரியும்தானே? உள்ளங்கைக்குள் அடங்கும் போர்டு. அதன் 25 எல்.இ.டி. விளக்குகளே வெளிச்சத்தையும் அளக்கும். கும்மிருட்டு என்றால் 0, நல்ல வெளிச்சம் என்றால் 255. "வெளிச்சம் 100-க்குக் கீழே போனால் விளக்கைப் போடு" என்ற வரியை நாங்களே கொடுத்துவிடுவோம். பிள்ளைகள் அப்படியே போடுவார்கள். பத்து நிமிடத்தில் விளக்கு எரியும். அப்பா வீடியோ எடுப்பார், ஊரிலிருக்கும் தாத்தாவுக்கு வாட்ஸப்பில் போகும்.

போன குளிர்காலத்தில் கிளாஸை ஒரு பேஸ்மென்டுக்கு மாற்றினோம். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் விளக்கு அணையவே இல்லை.

"அக்கா, என் கோட் தப்பா?"

"கோட் சரிதான். இந்த ரூம்தான் இருட்டு."

"அப்போ 100-ன்னு யார் சொன்னது?"

நான்தான். என் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து குத்துமதிப்பாகப் போட்ட எண் அது!

சின்ன விஷயம் என்கிறீர்களா? 2017-இல் ஒரு வீடியோ சுற்றியது. தானியங்கி சோப்புப் பெட்டியில் வெள்ளைக்காரர் கை நீட்டினால் சோப்பு வரும். கறுப்பினத்தவர் நீட்டினால் வராது. வெள்ளைப் பேப்பர் டவலை நீட்டினால் அதற்கு வந்தது! இந்தப் பெட்டிகள் கையில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பார்த்துத்தான் திறக்கும். எவ்வளவு திரும்பினால் கை என்று எடுத்துக்கொள்வது? அதை யாரோ முடிவு செய்கிறார்கள். வெளுத்த கைகளை மட்டும் வைத்து முடிவு செய்தால், என் கையும் உங்கள் கையும் என்ன ஆகும்?

சோப்பு வராவிட்டால் யாரும் சாகப்போவதில்லை. ஆனால் விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவியும் ஒளியை வைத்தே அளக்கிறது. ஆக்சிஜன் குறைந்ததை அது வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது என்று 2020-இல் மிச்சிகன் மருத்துவர்கள் எழுதினார்கள். கோவிட் நடந்துகொண்டிருந்த வருடம் அது.

இப்போது என் கிளாஸில் முதல் அரை மணி நேரம் கோடே கிடையாது. ஜன்னலோரம், மேசைக்கடியில், போர்வைக்குள் என்று அளந்து எழுத வேண்டும். எண்ணை அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும், ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். "இன்னும் விளக்கே எரியலையே?" என்று ஒரு அங்கிள் கேட்டார். கேட்கட்டும்.

அந்தப் பெண் 38 போட்டாள். காரணம்: "என் ரூம், ராத்திரி, ஹால் லைட் கொஞ்சம் உள்ளே வரும்."