ஒரே மந்தையாவது எப்போது?

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரித் திங்கள் 18 முதல் 25 வரை கிறிஸ்தவர்களின் ஒற்றுமைக்காக உலகெங்கும் மன்றாடுகிறார்கள். நம் பள்ளியிலும் காலைக் கூட்டத்தில் அக்கருத்துக்காகச் செபிக்கிறோம். எங்கள் வகுப்பிலேயே கத்தோலிக்கர் உண்டு, சி.எஸ்.ஐ. சபையார் உண்டு, ஆம்பூர்ப் பக்கத்து லுத்தரன் பிள்ளைகள் உண்டு, பெந்தெகொஸ்தே பிள்ளைகளும் உண்டு. ஒருத்தி 'செபம்' என்பாள், மற்றொருத்தி 'ஜெபம்' என்பாள். ஒருத்திக்கு 'விண்ணுலகம்', மற்றவளுக்குப் 'பரமண்டலம்'. ஆனால் ஆண்டவர் ஒருவரே! பாடுபடுவதற்கு முந்தின இரவில், தம்மை விசுவசிப்போர் அனைவரும் ஒன்றாயிருக்க வேண்டுமென்று அவர் பிதாவை மன்றாடினார். அந்த மன்றாட்டு நம்மிடம் நிறைவேறிவிட்டதா? மூத்த வகுப்பு மாணவியராகிய நாங்கள் இக்கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

சபைக்கும் சபைக்கும் இடையே உள்ள பிளவு பழையது. ஆயினும் மனம் வைத்தால் தீரக் கூடியது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1919 ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் சிலர் கூடி, தென்னிந்தியச் சபைகள் ஒன்றாக வேண்டுமென்று பேசத் தொடங்கினர். அப்பேச்சு 28 ஆண்டுகள் நீடித்தது. 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில், ஆங்கிலிக்கன் சபையாரும் மெதடிஸ்டு சபையாரும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும் ஒரே திருச்சபையாயினர். வேலூரிலும் இராணிப்பேட்டையிலும் அமெரிக்க ஆற்காடு மிஷன் வளர்த்த சபைகளும் அதில் அடங்கின. இதற்காக முன்னின்று உழைத்த தமிழராகிய பேராயர் அசரியா 1945 ஆம் ஆண்டே காலமாகிவிட்டார். அந்த நாளைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

இது எப்படி முடிந்தது? ஒவ்வொருவரும் ஒன்றை விட்டுக்கொடுத்தனர். பேராயர்களே இல்லாதிருந்த சபைகள் பேராயர்களை ஏற்றன. பேராயர் கையால் அபிஷேகம் பெறாத குருமாரையும் குருமாராகவே ஆங்கிலிக்கன் சபையார் ஏற்றனர். எதையும் இழக்க மனமில்லாதவர் ஒற்றுமையைப் பற்றிப் பேசலாம், அடைய முடியாது. இதுவே நாங்கள் கற்ற பாடம்.

நம் கத்தோலிக்கத் திருச்சபையும் 1964 ஆம் ஆண்டு, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின்போது, பிற சபையாரைப் பிரிந்த சகோதரர் என்று அழைத்துக் கை நீட்டியது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் கூடி உழைத்த தமிழ் மொழிபெயர்ப்பு 1995 ஆம் ஆண்டு 'திருவிவிலியம்' என வெளிவந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் வேலூரிலேயே ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1900 ஆம் ஆண்டு ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனை, இன்று பல சபைகள் கைகோத்துத் தாங்கும் பெரும் நிறுவனமாய் விளங்குகிறது. நோயாளியின் கட்டிலருகே சபைப் பிரிவு ஏது?

எனவே சபைகளுக்கிடையே உள்ள சுவர் மெல்ல மெல்லத் தாழ்ந்து வருகிறது. ஆனால் அன்பு வாசகர்களே, ஒரே சபைக்குள், ஒரே பங்குக்குள், ஒரே பீடத்தின் முன் நிற்கும் சுவரை என்ன செய்யப் போகிறோம்? அதன் பெயர் சாதி.

எங்களுள் ஒருத்தி தன் சொந்த ஊரைப் பற்றிச் சொன்னாள். ஊரின் பெயரை எழுத வேண்டாமென்று அவளே கேட்டுக்கொண்டாள். திருவிழா அன்று மாதாவின் தேர் மூன்று தெருக்களைச் சுற்றி வருமாம். அவளுடைய தெருமுனை வந்ததும் திரும்பிவிடுமாம். அந்தத் தெருவாரிடம் திருவிழா வரியும் வாங்குவதில்லையாம். வாங்கினால் தேர் வர வேண்டுமே! ஊரில் கல்லறைத் தோட்டமும் இரண்டாம். "மாதா எங்கள் தெருவுக்கு வர மாட்டார்களா என்று சின்ன வயதில் பாட்டியிடம் கேட்பேன். பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்" என்று அவள் சொன்னபோது எங்களுக்குப் பேச்சு எழவில்லை.

இது ஏதோ ஓர் ஊரின் கதையன்று. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872 ஆம் ஆண்டு கட்டிய கோயிலில் பீடம் ஒன்று, சாதியார் தனித்தனியே நிற்க இரண்டு பிரிவு, நடுவே சுவர். 1910 ஆம் ஆண்டு வாக்கில் அச்சுவர் இடிக்கப்பட்டது. அது வேண்டுமென்று வழக்காடியவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றும் தோற்றனர். சுவர் விழுந்தது, மனம் மாறியதா? எறையூரில் தலித் கத்தோலிக்கருக்கும் மற்றக் கத்தோலிக்கருக்கும் 2008 மார்ச் 9 அன்று மூண்ட மோதலில் போலீசார் சுட்டு இருவர் மாண்டனர். இரு தரப்பாரும் ஒரே செபமாலையை உருட்டியவர்கள்! இந்திய ஆயர்களே 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், தீண்டாமை திருச்சபைக்குள்ளும் உள்ளதென ஒப்புக்கொண்டனர்.

"இதையெல்லாம் ஆண்டு மலரில் எழுதலாமா? பிற மதத்தார் என்ன நினைப்பார்கள்?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கலாம். அவர்கள்மேல் எங்களுக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆயினும் புண்ணை மூடி வைத்தால் ஆறுமா, சீழ் வைக்குமா? ஊரார் கண்ணுக்கு இது ஏற்கெனவே தெரிந்ததுதான். நாம்தான் பார்க்க மறுக்கிறோம்.

நாங்களும் குற்றமற்றவர்கள் அல்லர். புதிதாக ஒருத்தி வகுப்பில் சேர்ந்தால் முதலில் பெயரைக் கேட்போம். அடுத்து, "உன் வீடு எந்தத் தெரு?" என்போம். அந்தக் கேள்வியின் பொருள் கேட்பவளுக்கும் தெரியும். பதில் சொல்பவளுக்கும் தெரியும். நம் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரமே தோலால் பிழைக்கிறது. தோல் கம்பெனியில் வேலை செய்யும் அப்பாவின் சட்டையில் வாடை வீசுகிறது என்று மூக்கைப் பொத்தியவர்கள் எங்களுள்ளும் இருந்தோம். பச்சைத் தோலைப் பதப்படுத்திய கை தாழ்ந்தது. அந்தக் கையால் உருவான ஷூவை மட்டும் பெருமையாக மாட்டிக்கொள்ளலாமா? என்ன நியாயம் இது! யோப்பா நகரில் புனித இராயப்பர் பல நாள் தங்கியது தோல் பதனிடும் சீமோன் வீட்டில் அல்லவா?

1947 ஆம் ஆண்டின் பாடத்தை இங்கே நினைவுகூர்வோம். ஒற்றுமைக்கு விலை உண்டு. அவ்விலையை முன்வரிசையில் நிற்பவரே முதலில் தர வேண்டும். தேர் போகாத தெருவில் இருப்பவரிடம் 'பொறுமையாயிரு' என்று சொல்வது எளிது. தேரின் வடத்தைப் பிடித்திருப்பவர் அதைத் திருப்பாமல் நேரே இழுத்தால் போதும்.

பெற்றோரே, உங்கள் பங்குக் கூட்டத்தில் திருவிழாக் கணக்குப் பேசும்போது, வரி எல்லாத் தெருவிலும் வாங்க வேண்டும், தேர் எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும் என்று ஒருவராவது எழுந்து சொல்லுங்கள். அருட்சகோதரியரே, எங்களைக் கண்டித்து வழிநடத்துங்கள். தோழியரே, நாங்கள் எங்கள் வகுப்பில் ஒன்று முடிவு செய்துள்ளோம்: இனி எவளிடமும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. மதியம் உணவு வேளையில் வட்டமாக உட்காரும்போது, புதிதாக வந்தவளுக்கே முதலில் இடம் விடுவோம்.

சிறிய செயல்தான். ஆனால் அடுத்த ஜனவரியில் ஒற்றுமைக்காகக் கைகுவிக்கும்போது எங்கள் நெஞ்சு எங்களைக் குற்றம் சாட்டாது. நீங்களும் எங்களோடு சேர்வீர்களா?