நடுவழியில் வேகம் இருந்து என்ன?

விமானமா, அதிவேக ரயிலா என்று டீக்கடையில் மணிக்கணக்காக வாதம் நடக்கிறது. சிவகாசிக்காரனுக்கு இரண்டுமே அடுத்த வீட்டுக் கல்யாணம்.

டோக்கியோவிலிருந்து ஒசாகா 515 கி.மீ. 1964-லேயே புல்லட் ரயில் விட்டார்கள். இன்று இரண்டரை மணி நேரத்தில் போய்விடுகிறது. சென்னை - விருதுநகரும் ஏறக்குறைய அதே தூரம்தான். நமக்கு 2023 செப்டம்பரில் வந்தே பாரத் வந்தது. 160 கி.மீ. வேகத்தில் ஓடக்கூடிய வண்டியாம். திருநெல்வேலி வரைக்கும் சராசரி எண்பத்துச் சொச்சம்தான். போகட்டும். சிவகாசிப் பக்கம் அது வராது என்பதால் விருதுநகர் போய்க் காலையில் ஏறினால், எழும்பூரில் இறங்க மதியம் இரண்டு மணி ஆகிவிடுகிறது. திரும்பும் வண்டியோ மூன்று மணிக்குள் கிளம்பிவிடும். ஆர்டர் பிடிக்க, ஆடிப்பெருக்குக்கு வந்த காலண்டர் ஆல்பத்தை எந்தக் கடைக்காரரிடம் விரித்துக் காட்டுவது? லாட்ஜ் வாடகைதான் மிச்சம்.

"பேசாம பிளைட்ல போங்க மாப்ள" என்கிறார் மச்சான். பறப்பது ஒன்றேகால் மணி நேரம். அதற்கு மதுரை விமான நிலையம் வரை கார் வாடகை, பெல்ட்டையும் செருப்பையும் கழற்றி மாட்டும் வரிசை, மீனம்பாக்கத்தில் பெட்டிக்குக் காத்திருப்பது எல்லாம் தனி. ஆல்பம் மூட்டை 15 கிலோவைத் தாண்டினால் கிலோவுக்கு இவ்வளவு என்று தண்டம். இதில் சென்னைச் சொந்தங்கள் வேறு, "ரெண்டு பெட்டி பட்டாசு எடுத்துட்டு வந்துருங்க" என்பார்கள். விமானத்தை விடுங்கள், ரயிலில் ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டி கொண்டுபோனாலே ரயில்வே சட்டம் 164-வது பிரிவில் மூன்று வருஷம் வரை உள்ளே தள்ளலாம்.

எங்களுக்கு வேகம் யார் கேட்டது? ராத்திரி படுத்தால் விடியும்போது ஊர். பொதிகை எக்ஸ்பிரஸ் அதைத்தான் செய்கிறது. அதிலும் கொல்லம் எக்ஸ்பிரஸிலும் ஏறுவதற்கு ராஜபாளையம், தென்காசி என்று மொத்தக் கூட்டமும் நிற்கிறது. இன்னொரு ராத்திரி வண்டி தினமும் விட்டால் என்ன? தீபாவளிக்கு 60 நாள் முன்னால், காலை எட்டு மணிக்கு போனும் கையுமாக உட்கார்ந்தாலும் வெயிட்டிங் லிஸ்ட். பிறகு ஆம்னி பஸ்தான். அவன் கேட்கும் காசுக்கு மச்சான் சொன்ன பிளைட்டிலேயே போயிருக்கலாம்.